மில்லெனியம் ஃபால்கனுக்கு அழுக்குப் பூசிய கதை

மில்லெனியம் ஃபால்கன் மாடல் செய்ய உட்காருகிறவர் முதலில் ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்டார் வார்ஸ் படங்களில் நாற்பது வருஷத்துக்கு மேல் பறந்துகொண்டிருக்கும் கப்பல் இது. படத்துக்குப் படம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1977-இல் வந்த முதல் படத்தில் தரையிறங்க மூன்று கால். மேலே வட்டமான ரேடார் தட்டு. 1980 படத்தில் கால் ஐந்தாகிவிட்டது. 1983-இல் இரண்டாவது டெத் ஸ்டார் என்ற பிரம்மாண்ட விண்நிலையத்துக்குள் புகுந்து பறக்கும்போது அந்த வட்டத்தட்டு இடிபட்டுப் பிய்ந்து போகிறது. அதனால் 2015-இல் கப்பல் மறுபடி திரைக்கு வந்தபோது மேலே இருந்தது நீள்சதுரத் தட்டு. 2019-இல் மீண்டும் வட்டம். நடுவில் 2018 படம் கதையில் பின்னோக்கிப் போய், நாயகர்களில் ஒருவரான ஹான் சோலோ கைக்கு வருவதற்கு முன் பழைய சொந்தக்காரர் லாண்டோ கால்ரிஸியனிடம் இருந்த பளபளப்பான வெள்ளைக் கப்பலைக் காட்டியது.

என்னிடம் இருந்தது பண்டாய் நிறுவனத்தின் 1/72 அளவுக் கிட், அதாவது துண்டுகளாக வந்து நாமே பொருத்த வேண்டிய பிளாஸ்டிக் மாடல். விளக்குகள் இல்லாத, விலை குறைந்த பதிப்பு. 1977 வடிவம், நீளம் 48 செ.மீ. ஆகவே வருஷம் எனக்கு முன்பே முடிவாகிவிட்டது. மிச்சமிருந்த கேள்வி: அந்த 1977 கப்பலில் அதற்கு முந்தைய கதை எவ்வளவு தெரிய வேண்டும்? பலர் செய்வதைப் போல முதலில் சாம்பல் நிறம் அடித்து, மேலே கறுப்புக் கறையைத் தெளித்து முடித்துவிடலாம். ஆனால் எதற்காக அங்கே கறை என்று கேட்டால் பதில் இருக்காது. கப்பலுக்கு என்ன நடந்ததோ அதே வரிசையில் வண்ண அடுக்குகளைப் போட்டு, பிறகு தேய்த்து எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. இந்தப் பதிவு முழுக்க அந்த வேலையைப் பற்றியதுதான்.

அடுக்கு போடுவதற்கு முன் வரலாறு தெரிய வேண்டும். ஃபால்கனுக்கு அது இரண்டு. கதைக்குள் நடந்தது ஒன்று. படத்துக்கு மாடல் செய்த பட்டறையில் நடந்தது இன்னொன்று. பட்டறைக் கதை எனக்கு இன்னும் சுவாரசியம்.

முதலில் ஃபால்கன் என்று வடிவமைக்கப்பட்டது இந்த வட்டக் கப்பலே கிடையாது. வடிவமைப்பாளர் காலின் கான்ட்வெல் போட்ட ஆரம்ப வடிவம் நீளமானது. பின்னால் எஞ்சின்கள் கொத்தாக அடுக்கப்பட்டிருக்கும். மாடல் பெருமளவு செய்தும் ஆகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து 1975-இல் தொலைக்காட்சிக்கு வந்த ஒரு பிரிட்டிஷ் தொடரின் விண்கலம் அதே சாயலில் இருந்தது. இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் வேறு வடிவம் கேட்டார். ஓவியர் ஜோ ஜான்ஸ்டன் அவசரமாக வரைந்து கொடுத்ததுதான் இன்று நாம் பார்க்கும் தட்டையான வட்டம். பழைய மாடல் வீணாகவில்லை. அதன் முன்பக்கக் காக்பிட்டைக் கழற்றிவிட்டு, சுத்தியல் தலை மாதிரி ஒரு முகப்பைப் பொருத்தினார்கள். 1977 படத்தின் முதல் காட்சியில் துரத்தப்பட்டு ஓடி வரும் கப்பல் அதுதான். கழற்றிய காக்பிட் வடிவம் புதிய ஃபால்கனின் வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. கண்ணாடிச் சட்டங்கள் இரண்டாம் உலகப்போர் கால பி-29 குண்டுவீச்சு விமானத்தின் மூக்கை நினைவூட்டும். கடித்த ஹாம்பர்கரைப் பார்த்து இந்த வடிவம் வந்தது என்று ஒரு கதை ஊரெல்லாம் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நெருக்கடியில் வரைகிறவன் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்க மாட்டான்.

கலிஃபோர்னியாவின் வான் நைஸில் இருந்த, லூகாஸின் சிறப்புக் காட்சி நிறுவனமான ஐ.எல்.எம். பட்டறையில் அந்த முதல் மாடலைச் செய்தார்கள். ஐந்தடி மாடல் என்றே அதைச் சொல்வார்கள். மேற்பரப்பில் தெரியும் குழாய், வால்வு, பெட்டி எல்லாம் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கிட்களிலிருந்து பிய்த்தெடுத்து ஒட்டியவை. போர் டாங்கி, பந்தயக் கார், பீரங்கி என்று அகப்பட்டதெல்லாம் போயிற்று. நிப்பரால் துண்டுகளை வெட்டியெடுக்கும்போது இது நன்றாகவே தெரிந்தது. பக்கச் சுவரில் வரும் துண்டு ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், டாங்கிச் சக்கரத்தின் பாதி மாதிரி இருக்கிறது. பிளாஸ்டிக் கிட்களைப் பிய்த்துச் செய்த மாடலை இன்னொரு பிளாஸ்டிக் கிட் அச்சு அசலாக நகலெடுத்திருக்கிறது! சிரிக்காமல் வேலை செய்ய முடியவில்லை.

துண்டுகளைப் பொருத்துவது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பண்டாய் கிட்டில் பசை கிட்டத்தட்டத் தேவைப்படாது, அழுத்தினால் உட்காரும். வெட்டிய தழும்பை உப்புத்தாளால் தேய்த்தால் போதும். பக்கச் சுவர்த் துண்டுகளை மட்டும் நிரந்தரமாகப் பொருத்தாமல் தனியே வைத்துக்கொண்டேன். அந்த இடுக்குகளுக்குள் கப்பல் மூடிய பிறகு ஏர்பிரஷ், அதாவது வண்ணம் தெளிக்கும் கருவி, போகாது.

மேலோட்டை மூடுவதற்கு முன் விளக்கு வேலையை முடித்தாக வேண்டும். ஃபால்கனின் பின்பக்கம் முழுக்க ஓடும் எஞ்சின் பட்டை ஒரே சீராக ஒளிர வேண்டும். எல்இடிகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பிறந்தநாள் கேக் ஆகிவிடும். வெள்ளை எல்இடிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 150 ஓம் ரெசிஸ்டர் போட்டேன். யு.எஸ்.பி. தருவது 5 வோல்ட். வெள்ளை எல்இடி சுமார் 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 2 வோல்ட்டுக்கு 150 ஓம் என்றால் ஒன்றுக்கு 13 மில்லிஆம்பியர் ஓடும். 20 வரை ஏற்றலாம். ஆனால் மூடிய பெட்டிக்குள் சூடு ஏறும் என்பதால் குறைத்தே வைத்தேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டால் வேலை மிச்சம்தான். ஆனால் எல்இடிகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை; ஒன்று பிரகாசமாகவும் இன்னொன்று மங்கலாகவும் எரியும்.

எல்இடிக்கும் எஞ்சின் பட்டைக்கும் நடுவே பட்டர் பேப்பர் இரண்டு மடிப்பு. எல்இடிகளை அதிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு சீராக ஒளி பரவும். எனக்குக் கிடைத்த இடம் ஒன்றரை சென்டிமீட்டர். அது போதுமானதாக இருந்தது. 1977 படத்தில் எஞ்சின் ஒளி நீலம் கலந்த வெள்ளை. பட்டர் பேப்பர்மேல் ஒளி ஊடுருவும் நீல வண்ணத்தை மிக மெல்லிசாக அடித்ததும் அந்த நிறம் வந்தது. நீல எல்இடி போட்டால் கல்யாண மண்டப வாசல் மாதிரி இருக்கும், வேண்டாம்.

ஓட்டின் உட்புறம் முழுக்க முதலில் கறுப்பு, அதன்மேல் அலுமினிய டேப். மெல்லிய பிளாஸ்டிக் வழியாக ஒளி கசிந்தால் கப்பல் விளக்குக்கூடு போலச் சிவந்து தெரியும். கனமான கப்பல் என்ற தோற்றமே காணாமல் போய்விடும். ஒயர்கள் அடிப்பக்கத்தில் பித்தளைக் குழாய் வழியாக ஸ்டாண்டுக்குள் இறங்குகின்றன. பவர் பேங்க்கில் இணைக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஓரிரு எல்இடி மட்டும் இருந்தால் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்று பல பவர் பேங்க்கள் தாமாகவே அணைந்துவிடும். சுவரில் செருகும் சார்ஜர்தான் நிம்மதி.

அப்புறம் வண்ணம்.

கதைக்குள் இந்தக் கப்பல் கொரேலியா கிரகத்தில் கட்டப்பட்ட ஒய்.டி.-1300 வகை சரக்குக் கப்பல். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கொடுக்குகள் சரக்குப் பெட்டிகளைப் பற்றித் தள்ளுவதற்கு. 2018 படத்தில் அந்தக் கொடுக்குகளுக்கு நடுவே ஒரு தப்பிக்கும் கலத்தைப் பொருத்தி இடைவெளியையே அடைத்திருப்பார் லாண்டோ. மேலே வழவழப்பான வெள்ளைத் தகடுகள், நீலப் பட்டைகள். கெஸல் கிரகத்திலிருந்து குறுக்கு வழியில் பறந்து வரும்போது அந்தக் கலத்தைத் தூண்டிலாக வீசியெறிகிறார்கள்; தகடுகள் பிய்ந்துகொண்டு போகின்றன; உள்ளே மறைந்திருந்த குழாயும் பெட்டியும் வெளியே தெரிகின்றன. ஓட்டம் முடிந்து வரும் கப்பல் ஏறத்தாழ நாம் அறிந்த ஃபால்கன். 1977-இல் ஹான் பெருமையடித்த '12 பார்செக்குக்குள்' என்ற வசனத்துக்கும் அங்கேதான் விளக்கம் கிடைத்தது. பார்செக் தூரத்தின் அளவு. ஒன்று சுமார் 3.26 ஒளியாண்டு. ஆகவே அது வேகத்தைப் பற்றிய பெருமை என்பதைவிடக் குறுக்கு வழியைப் பற்றிய பெருமை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, கதை பட்டறைக்குப் பின்னால் ஓடிவந்து காரணம் சொன்ன விதம். டாங்கித் துண்டுகளை ஒட்டியவர்கள், கேமராவுக்குக் கப்பல் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒட்டினார்கள். வழவழப்பான பரப்பில் கண்ணுக்கு அளவு பிடிபடாது. நுணுக்கம் இருந்தால் பிடிபடும். நாற்பது வருஷம் கழித்து வந்தவர்கள், "அந்த இடத்தில் தகடு இருந்தது, பறந்துவிட்டது" என்றார்கள். என் அடுக்கு வேலைக்கு அது நேரடியாக உதவியது. தகடு போன இடம் எது, தகடு மிஞ்சிய இடம் எது என்று பிரித்துவிட்டால், எங்கே பழைய வண்ணம் எட்டிப்பார்க்கலாம், எங்கே கூடாது என்பது தெரிந்துவிடுகிறது. குழாய்கள் தெரியும் பள்ளங்களில் வெள்ளை வரக் கூடாது. அங்கே வெறும் உலோகமும் எண்ணெய்ப் பிசுக்கும்தான்.

தட்டையான தகடுகளில் தாமியா நிறுவன வண்ணங்களில் எக்ஸ்.எஃப்.-2 வெள்ளையோடு எக்ஸ்.எஃப்.-55 டெக் டான் என்ற வெளிர்பழுப்பு கொஞ்சம் கலந்து அடித்தேன். சுத்த வெள்ளை மாடலில் பொம்மைத்தனமாகத் தெரியும். ஒவ்வொரு தகட்டுக்கும் கலவையைத் துளித்துளி மாற்றினேன். மாஸ்கிங் டேப் ஒட்டி, அடித்து, பிரித்து, அடுத்ததுக்கு ஒட்டி... இந்த ஒரு வேலைதான் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைவிட அதிக நேரம் தின்றது. சுருக்கவும் வழி இல்லை. தகட்டுக்குத் தகடு நிறம் மாறுவதால்தான் இந்தக் கப்பல் பல கைகள் பழுதுபார்த்த கப்பலாகத் தெரிகிறது.

அதற்கடியில் லாண்டோவின் நீலத்தை வைக்கலாமா என்ற கேள்வியில் நிறைய யோசனை போயிற்று. படங்களைப் பார்த்தால் 1977 கப்பலில் எனக்கு நீலம் கண்ணில் படவில்லை. துருச்சிவப்பு, மஞ்சள், சாம்பல் இருக்கின்றன. நீலம் எங்கே போயிற்று என்றால் பட்டறைக்குத்தான் வர வேண்டும். அன்றைக்கு மாடலை நீலத் திரைக்கு முன் வைத்துப் படமெடுத்து, பிறகு நீலத்தை நீக்கி நட்சத்திரங்களைச் சேர்த்தார்கள். மாடலில் நீலம் இருந்தால் அதுவும் சேர்ந்து ஓட்டையாகிவிடும். நாயகன் லூக்கின் போர் விமான அணி கதையில் முதலில் நீல அணியாக இருந்து சிவப்பு அணியானதும் இதே காரணத்தால்தான். 2018-இல் கணினியில் செய்யும் கப்பலுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. தாராளமாக நீலம் பூச முடிந்தது. என் முடிவு: நீலம் உண்டு, ஆனால் தேடினால்தான் கிடைக்க வேண்டும். ஓரங்களில் இரண்டு மூன்று தகடுகளில் மட்டும் அடியில் நீலத்தைப் போட்டு, மேலே வெண்சாம்பல் அடித்து, விளிம்பில் நூலளவு தெரியும்படி சுரண்டிவிட்டேன். 1977 மாடலுக்கு விசுவாசமானவர்கள் முறைக்கலாம். முறைக்கட்டும்.

சுரண்டுவதற்கு ஹேர் ஸ்ப்ரே முறை. அடியிலுள்ள வண்ணம் லாக்கர் வகையாக இருக்க வேண்டும். நன்றாகக் காய வேண்டும். அதன்மேல் சாதாரண ஹேர் ஸ்ப்ரே இரண்டு பூச்சு. அது காய்ந்ததும் மேல் வண்ணம் அக்ரிலிக்கில், மெல்லிசாக. கால்மணி நேரத்துக்குள் தண்ணீர் தொட்ட பிரஷால் ஈரமாக்கினால் அடியிலுள்ள ஸ்ப்ரே கரையும். மேல் வண்ணம் செதில் செதிலாக விடும். நேரம் கடந்துபோனால் வண்ணம் இறுகிவிடும், பிறகு கல்தான். துருச்சிவப்புத் தகடுகளை எல்லாம் இப்படியே செய்தேன்: அடியில் வெண்சாம்பல், மேலே எக்ஸ்.எஃப்.-9 ஹல் ரெட். வெட்டிக் குட்டையாக்கிய பிரஷ் பரந்த உரிசலுக்கும், பல் குத்தும் குச்சி கூர்மையான கீறலுக்கும் நன்றாக வந்தது. மழைக்காலத்தில் லாக்கர் அடிப்பவர்கள் கவனிக்க: காற்றில் ஈரம் அதிகமென்றால் பூச்சு பூத்து வெளிறிப்போகும். மெதுவாகக் காயவைக்கும் ரிட்டார்டர் சேர்க்கலாம், அல்லது வெயில் வரும்வரை பேசாமல் இருக்கலாம்.

அடுத்தது வாஷ். ஓவியர்கள் பயன்படுத்தும் எண்ணெய் வண்ணத்தில் பழுப்பும் கறுப்பும் கலந்து, டர்பன்டைனில் கரைத்து, கோடுகளுக்குள் ஓடவிடும் வேலை. இறுக்கிப் பொருத்திய கிட்களில் இங்கே ஓர் ஆபத்து உண்டு. அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் தின்னர் நேரடியாகப் பட்டால் இணைப்புகளில் விரிசல் விடும். அதனால் முதலில் பளபளப்பு வார்னிஷால் முழுக்க மூடி, காய்ந்த பிறகே வாஷ். அதையும் குளிப்பாட்டுவது போல ஊற்றாமல், பிரஷ் நுனியால் கோட்டைத் தொட்டு, தானாக ஓடும் தூரம்வரை விட வேண்டும். மிச்சத்தை காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடைத்துவிடலாம்.

கறைகளுக்கு வந்தால், எனக்கே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: காரணம் சொல்ல முடியாத கறை வேண்டாம். மேல்பக்கம் பின்புறத்தில் ஆறு வட்டமான காற்றுப்போக்கிகள் இருக்கின்றன. அங்கே வெப்பம் வெளியேறும், புகைக்கரி படியும். கறுப்புப் பேஸ்டல் சாக்கைத் தூளாக்கிப் பிரஷால் ஒத்தியதில் அது வந்தது. லேசர் பட்ட இடங்களில் நடுவே சின்னக் குழி, சுற்றிலும் கரி, கரியின் வால் கப்பல் பறக்கும் திசைக்கு எதிர்ப்புறம். ஒழுகல் கறை எந்தப் பக்கம் ஓடும் என்பதுதான் குழப்பம். விண்வெளியில் மழை ஏது? ஆனால் இது தரையிறங்கி மாதக்கணக்கில் துறைமுகத்தில் நிற்கும் கப்பல். மேற்பரப்பு நடுவில் உயர்ந்து விளிம்பை நோக்கிச் சரிகிறது. ஆகவே தண்ணீரும் எண்ணெயும் நடுவிலிருந்து ஓரத்துக்குத்தான் வழியும். கோடுகளை எல்லாம் மையத்திலிருந்து வெளிநோக்கி இழுத்தேன். அதைச் செய்ததும் கப்பலுக்கு எடை வந்துவிட்டது.

அடிப்பக்கத்துக்கு மேல்பக்கத்தின் அழுக்கு பொருந்தாது. அங்கே கால்கள், கதவுகள், ஹைட்ராலிக் கசிவு. 1980 படத்துக்காகக் கட்டிய முழு அளவுக் கப்பல் நினைவுக்கு வந்தது. 1977-இல் லண்டனுக்கு அருகே எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் பாதிக் கப்பல்தான் கட்டியிருந்தார்கள். அடுத்த படத்துக்கு முழுசாகவே வேண்டும் என்றதும், 1979-இல் வேல்ஸின் பெம்ப்ரோக் டாக்கில், முன்பு சண்டர்லாண்ட் கடல்விமானங்கள் நின்ற ஹாங்கரில், மார்க்கன் என்ற நிறுவனம் அதைக் கட்டியது. இரும்பு வேலை தெரிந்த தொழிலாளர்கள். எடை 20 டன்னுக்கு மேல். ரகசியம் காக்க வேலைக்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். பிறகு துண்டு துண்டாகப் பிரித்து எல்ஸ்ட்ரீக்குக் கொண்டுபோனார்கள். உண்மையான எடையைத் தாங்கி நின்ற அந்தக் கப்பலின் படங்களைப் பார்த்துத்தான் அடிப்பக்கத்தை முடித்தேன். கால் வெளிவரும் பெட்டிகளின் விளிம்பில் மட்டும் பளபளக்கும் கிரீஸ் கறை. மற்றதெல்லாம் மங்கலான தூசி. கால்களை உள்ளிழுத்த நிலையில் வைத்தாலும் பெட்டிகள் புடைத்துத் தெரியும். ஆகவே அடிப்பக்கத்தைப் பார்த்தே வருஷம் சொல்லிவிடலாம்: மூன்று பெட்டி என்றால் 1977.

காக்பிட்டில் ஹானும் அவருடைய துணை விமானி சூபக்காவும் உட்கார்ந்திருக்கிறார்கள். 1/72 அளவில் நிற்கும் ஆள் இரண்டரை சென்டிமீட்டர். உட்கார்ந்தவர் இன்னும் குறைவு. முகம் வரைவதில் எனக்கு ஆர்வம் இல்லை. கன்னத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி, கண்குழியில் பழுப்பு நிழல், அவ்வளவுதான். பின்சுவரில் நுண்துளைகள் போட்டுக் கால் மில்லிமீட்டர் ஒளியிழைகளைச் செருகி, ஒரே ஒரு மஞ்சள்-வெள்ளை எல்இடியில் கொண்டுபோய்க் கட்டினேன். படப்பிடிப்பில் கப்பலின் உட்புறங்களை ஜோடிக்கப் பழைய விமானங்களின் உடைசல் பாகங்களைத்தான் பயன்படுத்தினார்கள். அதனால் உள்ளே அழுக்கு தாராளமாக இருந்தால் தப்பில்லை.

கடைசியில் எல்லாவற்றின்மேலும் மேட் வார்னிஷ். பளபளப்பு எங்கும் மிஞ்சக் கூடாது. நீலத் திரைக்கு முன் பளபளக்கும் மாடல் அந்த நீலத்தையே பிரதிபலித்து வம்பு செய்யும் என்பதால் அசல் மாடலும் மங்கலாகவே இருந்தாக வேண்டியிருந்தது. கிரீஸ் கறைகளை மட்டும் மேட் வார்னிஷுக்குப் பிறகு மறுபடி தொட்டேன்.

ரேடார் தட்டை ஒட்டவில்லை. அடியில் சின்னக் காந்தம் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் அட்டையில் வெட்டிய நீள்சதுரத் தட்டு ஒன்றும் தயார். 2015 படத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் அதை மாட்டி வைப்பேன். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து மூன்று கால்தானே என்று கேட்கிற பிள்ளைக்கு அடுத்த கிட்டில் பாதி வேலை காத்திருக்கிறது.